40 கொண்டை ஊசி வளைவும் ஒரு சொட்டுத் தண்ணியும்

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். போன ஆனி மாசம் குடும்பத்தோடு ஏறினோம். பொள்ளாச்சி வரைக்கும் சாரல்தான். மேலே போகப் போக மழை வலுத்தது. பத்துப் பன்னிரண்டு வளைவு கடந்திருப்போம், பின்னால் படுக்கையில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்: “ஏங்கண்ணு, மேல எங்காச்சும் ஒழுகுதா?”

நான் ஸ்டியரிங்கை விட்டுத் திரும்ப முடியாது. மனைவி எழுந்துபோய்க் கையை நீட்டிப் பார்த்தாள். கூரையில் விளக்குப் பொருத்திய ஓட்டை வழியாக ஒரு சொட்டு. அடுத்த வளைவில் இன்னொரு சொட்டு. நேரான ரோட்டில் நின்றுவிடுகிறது. வளைவில் வண்டி முறுக்கிக்கொண்டு திரும்பும்போது மட்டும் விழுகிறது. வால்பாறை போய்ச் சேர்வதற்குள் மெத்தையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய டெம்போ டிராவலர். இதை ஒருத்தர் கோவையில் கொடுத்துப் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றியிருந்தார். அவரிடமிருந்து கைமாற்றி வாங்கினேன். நம்ம பக்கம் கேரவன் என்று சொன்னால் பொள்ளாச்சியில் சினிமா ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அடுத்தபடியாகத் தேர்தல் பிரச்சார வேன். தலைவர்களுக்கு அப்படிப்பட்ட வேன்களை மாற்றிக் கொடுப்பதில் கோவைக்குப் பழைய பெயர் உண்டு, கோயாஸ் நிறுவனம் அதில் பலரும் அறிந்தது. சின்னக் குடும்பம் தூங்கிச் சமைத்து ஊர் சுற்றும் வண்டி என்பது இப்போதுதான் ஒவ்வொன்றாக ரோட்டில் தென்படுகிறது. அதனால் இதை ரிப்பேர் பார்ப்பதற்கென்று தனி ஆள் கிடையாது. டிங்கர் தகட்டைப் பார்ப்பார், ஆசாரி பலகையைப் பார்ப்பார், எலக்ட்ரீசியன் ஒயரைப் பார்ப்பார். இந்த மூன்று பேருடைய வேலையும் சந்திக்கிற இடம் எதுவோ அங்கேதான் தண்ணீர் நுழையும். அந்தச் சந்திப்பில் எந்தப் பசையைப் போடுவது, எதை வைத்து அடைப்பது என்று கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

எங்கள் ஊரான தாராபுரம் வந்ததும் தோட்டத்தில் வண்டியை நிறுத்தி, மோட்டார் பம்பைப் போட்டு அரை மணி நேரம் கூரை மேல் தண்ணீர் பாய்ச்சினேன். ஒரு சொட்டு இல்லை. மறுநாள் மறுபடி. அன்றைக்கும் இல்லை. உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் விட்டேன். அவர்கள் ஒழுகின விளக்கைச் சுற்றி வெள்ளை சிலிக்கானைப் பிதுக்கிக் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த மழையில் விளக்கு ஒழுகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு முழம் தள்ளி அலமாரிக்குள் ஒழுகியது.

அப்புறம்தான் மேஸ்திரியைப் பிடித்தேன். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, சின்னதாராபுரம் பக்கத்தில் சொந்த ஊரோடு வந்து இருப்பவர். கரூர் என்றால் வீட்டு ஜவுளியும் கொசுவலையும் பஸ் பாடியும். சேசிஸாக வரும் வண்டிக்கு எலும்பு வைத்துத் தோல் போர்த்தி அனுப்புகிற ஊர் அது. நம்ம ரோட்டில் ஓடும் தனியார் பஸ்களில் எத்தனையோ அங்கே உடம்பு எடுத்தவை. ஒரு பஸ் தினமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குலுங்கி ஓடியும் மழையில் ஒழுகக் கூடாது என்றால், அந்த வித்தை தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்க வேண்டும்.

மேஸ்திரி வந்தார். கூரையை ஏறிக்கூடப் பார்க்கவில்லை. “ஜாக்கி எடுங்க தம்பி” என்றார். முன்பக்க இடது சக்கரம் ஒன்றை மட்டும் தரையிலிருந்து நன்றாகத் தூக்கி நிறுத்தினார். “இப்பத் தண்ணி உடுங்க.”

ரெண்டு நிமிஷத்தில் சொட்டு விழுந்தது.

நான் சமதரையில் நிறுத்திப் பார்த்த வண்டியில் எல்லா இணைப்பும் மூடியிருந்தது. ஒரு சக்கரம் மட்டும் மேலே போனதும் வண்டி முழுக்க ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. முறுக்கினதும் ஒரு மூலை வாய் திறந்தது. கொண்டை ஊசி வளைவில் நடந்ததும் அதுதான். தண்ணீர் நுழைந்த இடம் கூரை ஜன்னலின் முன் மூலை. விழுந்த இடமோ அங்கிருந்து நாலடி தள்ளி இருக்கும் விளக்கு ஓட்டை. நடுவில் கூரையின் வளைவுச் சட்டம் ஒன்று வாய்க்கால் மாதிரி தண்ணீரைக் கடத்திக்கொண்டு போயிருக்கிறது. ஒழுகுகிற இடத்தை அடைக்கிறவன் வாய்க்காலின் கடைமடையை அடைக்கிறான். மடை வேறெங்கோ திறந்து கிடக்கிறது.

அப்புறம் கூரை மேல் ஏறினோம். இணைப்பு முழுக்க முன்பு யாரோ குளியலறைக்குப் போடும் வெள்ளை சிலிக்கானைப் பூசியிருந்தார்கள். மேஸ்திரி ஒரு நுனியை நகத்தால் நெம்பி இழுத்தார். வாழை நார் உரிகிற மாதிரி ஒன்றரை அடி நீளத்துக்கு அப்படியே வந்துவிட்டது. அடியில் கால்வனைஸ் தகட்டில் வெள்ளையாகப் பொடி பூத்து, அதற்கும் கீழே சிவப்புத் துரு.

சிலிக்கான் மேல் எனக்குக் கோபமில்லை. அதன் இடத்தில் அது நல்ல பொருள். சூட்டையும் வெயிலையும் அது தாங்குகிற அளவுக்கு மற்றப் பசைகள் பெரும்பாலும் தாங்காது. எஞ்சின் கேஸ்கெட்டுக்குப் பதிலாக மெக்கானிக்குகள் போடுகிற அனபாண்ட் 666 கூட சிலிக்கான்தான், சென்னைக் கம்பெனி தயாரிப்பு. ஆனால் கடையில் மலிவாகக் கிடைக்கிற சாதாரண சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். திறந்ததும் மூக்கில் ஏறுகிற காடி வாடை அதுதான். கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. துத்தநாகப் பூச்சுள்ள தகட்டையும் செம்பையும் அது அரிக்கும். வாடையில்லாத, நியூட்ரல் க்யூர் என்று ட்யூபில் போட்டிருக்கும் வகை வேறு. அது உலோகத்தை அரிக்காது. வண்டிக்குள் சிங்க் விளிம்பில் நான் இப்போது போடுவது அதைத்தான்.

கூரையில் அந்த வகையையும் போடமாட்டேன். காரணம், சிலிக்கான் மேல் பெயிண்ட் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது. பழைய சிலிக்கான் மேல் புது சிலிக்கானே சரியாகப் பிடிப்பதில்லை. உரித்தெடுத்த பின்னும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் மாதிரி தகட்டில் தங்கிவிடும். அந்த இடத்தில் பெயிண்டர் ஸ்ப்ரே அடித்தால் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகிப் போகும். ஒரு தடவை சிலிக்கான் போட்டவர், அடுத்து அங்கே வேலை செய்ய வருகிற எல்லாருடைய கையையும் கட்டிவிட்டுப் போகிறார்.

அதை எடுப்பதற்கு எனக்கு நாலு நாள் ஆனது. முதலில் பிளாஸ்டிக் சுரண்டி. இரும்புப் பட்டித் தகடு போட்டால் பெயிண்டைக் கீறி, கீறின இடத்தில் துரு ஏறும். அப்புறம் சிலிக்கான் ரிமூவர். அப்புறம் மெல்லிய உரசல். கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பது. இந்தத் துடைப்பில் ஒரு முறை இருக்கிறது. ஒரு துணியில் தொட்டு ஒரே திசையில் இழுக்க வேண்டும், உடனே காய்ந்த இன்னொரு துணியால் எடுத்துவிட வேண்டும். தானாகக் காய விட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே படிந்துவிடும். பட்டறைகளில் பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் என்று கைக்குக் கிடைத்ததில் நனைத்துத் துடைப்பார்கள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் பசையை விட்டுவிட்டுத்தான் போகும். துடைத்தது போதுமா என்று பார்க்க மேஸ்திரி செய்தது சுலபமான சோதனை: தகட்டில் கொஞ்சம் சுத்தமான தண்ணீர் தெளித்தார். தாமரை இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. படலமாகப் பரவி நின்றால் சுத்தம். எங்களுக்கு மூன்றாவது தடவைதான் பரவியது.

அடுத்தது என்ன போடுவது என்ற கேள்வி. நான் கடையில் கிடைக்கிற எல்லா ட்யூப்களின் பெயரையும் எழுதி வைத்திருந்தேன். மேஸ்திரி அதைப் பார்க்கவே இல்லை. அவர் கேட்டது இரண்டுதான். “இந்த எடம் அசையுமா? நாளைக்கு இத மறுக்காக் கழட்டோணுமா?”

அசைவை நான் குலுங்கலாக மட்டும்தான் நினைத்திருந்தேன். வெயிலை மறந்துவிட்டேன். தாராபுரத்து வெயிலில் இருந்துகொண்டு அதை மறந்ததுதான் ஆச்சரியம். சித்திரை மதியம் கூரைத் தகட்டில் கை வைக்க முடியாது, சூடு பார்க்கும் கருவி 60 டிகிரிக்கு மேல் காட்டும். விடிகாலையில் அதே தகடு 24 டிகிரி. சுமார் 40 டிகிரி வித்தியாசம் தினமும். என் கூரையின் இரண்டு ஓரத்திலும் இரும்புத் தகட்டின் மேல் 4 மீட்டர் நீளத்துக்கு அலுமினியப் பட்டை ஓடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 23 பங்கு நீளும். இரும்பு 12 பங்கு. 4 மீட்டருக்கும் 40 டிகிரிக்கும் அலுமினியம் 3.7 மில்லிமீட்டர் நீளும், இரும்பு 1.9 தான். இரண்டையும் நடுவில் பிடித்துவைத்ததாக நினைத்துக்கொண்டால் ஒவ்வொரு நுனியிலும் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் இழுபறி. காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம், வருஷம் 365 நாளும். பட்டையை இறுக்கியிருந்த திருகு ஓட்டைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

இந்த இழுபறியில் அரால்டைட் மாதிரி கல்லாக இறுகும் எப்பாக்ஸியைப் போட்டால் என்ன ஆகும்? வலு அதற்குத்தான் அதிகம். ஆனால் விட்டுக்கொடுக்கத் தெரியாது. ஒன்று அது வெடிக்கும், இல்லையென்றால் பெயிண்டோடு பெயர்ந்து வரும். எங்கள் அப்பாரு அருவாளுக்குப் பிடி போடும்போது அரக்கைக் காய்ச்சி ஊற்றுவார். அது இறுகினால் அசையாது, அசைய வேண்டிய தேவையும் அங்கே இல்லை. அதே அப்பாரு கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டின காலத்தில் இரும்புச் சாலின் அடியில் தோல் தும்பியைக் கட்டுவார்கள். மாடு முன்னும் பின்னும் போகிற ஒவ்வொரு தடவையும் அந்த இடம் மடங்கி நிமிர வேண்டும், தண்ணீரும் சிந்தக் கூடாது. அங்கே அரக்கு வேலைக்கு ஆகாது, தோல்தான் ஆகும். என் கூரைக்கும் தேவைப்பட்டது தோல் மாதிரி ஒன்று.

அந்த வேலைக்கு இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று பாலியூரித்தேன், சுருக்கமாகப் பி.யூ. சிக்காஃப்ளெக்ஸ் என்று பட்டறைகளில் சொல்வது இந்த வகையைத்தான், கம்பெனி எதுவானாலும். கரூரில் இப்போது முன் கண்ணாடியை ஒட்டுவதும் இதை வைத்துத்தான். முன்பு ரப்பர் பீடிங் போட்டுக் கயிறு இழுத்துக் கண்ணாடி ஏற்றுவார்கள், அதில் மேஸ்திரி கைதேர்ந்தவர். பி.யூ. காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும், இறுகின பின்னும் ரப்பர் மாதிரி இருக்கும், பெயிண்ட் அடிக்கலாம். வெயில் நேராகப் பட்டால் மேல்பக்கம் வெளுத்துப் பொடியும் என்பது அதன் குறை. அதனால்தான் கண்ணாடி ஓரத்தில் கறுப்புப் பட்டை வைத்து, அதற்கு மேல் கறுப்பு பிரைமரும் தடவுகிறார்கள். கண்ணாடி வழியாக வெயில் ஊடுருவிப் பசையைத் தின்றுவிடாமல் இருக்கத்தான் அந்தக் கறுப்பு.

இன்னொன்று எம்.எஸ். பாலிமர். 1970களின் கடைசியில் ஜப்பானின் கனேகா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பி.யூ.வின் பிடிப்பும் சிலிக்கானின் வெயில் தாங்கும் குணமும் ஓரளவு சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பி.யூ.வில் இருக்கும் ஐசோசயனேட் இதில் இல்லை, ஆகவே மூடின வண்டிக்குள் வேலை செய்யும்போது மூச்சுக்கு நல்லது. அநேக இடங்களில் பிரைமரும் கேட்காது. விலை கூடுதல். கூரை வெயிலில் கிடக்கிற இணைப்பு என்பதால் நான் இதைத்தான் போட்டேன். வெயில் படாமல் நடுவில் ஒளிந்துகொள்கிற ஒட்டு என்றால் பி.யூ.வே போதும், வீண் செலவு வேண்டாம்.

எதைப் போட்டாலும் கனம் வேண்டும். இதுதான் எங்கேயும் கோட்டை விடுகிற இடம். நல்லா ஒட்டட்டும் என்று இரண்டு தகட்டையும் சேர்த்து வைத்து இறுக்கி அழுத்துவோம், ஃபெவிகாலில் பழகின கை அப்படித்தான் போகும். மரத்துக்கு அது சரி. ரப்பர் வகைப் பசைக்கு அது கேடு. அரை மில்லிமீட்டர் படலத்தை ஒரு மில்லிமீட்டர் இழுத்தால் அது தன் கனத்தைப் போல இரண்டு பங்கு நீள வேண்டும், கிழிந்துவிடும். அதே இடத்தில் 3 மில்லிமீட்டர் கனம் இருந்தால் அந்த இழுப்பு கனத்தில் மூன்றில் ஒரு பங்குதான், சும்மா வளைந்து கொடுக்கும். மேஸ்திரி நாசில் நுனியில் ஆங்கில வி எழுத்து மாதிரி வெட்டி, முக்கோண வரியாக உயரமாகப் பசையை இழுத்தார். நடுநடுவே 3 மில்லிமீட்டர் ரப்பர் துண்டுகளை வைத்து அதற்குமேல் அழுந்தாமல் பார்த்துக்கொண்டார். அகலமான இடுக்குகளில் முதலில் நுரைக் கயிறு ஒன்றைத் திணித்துவிட்டு அதன் மேல்தான் சீலன்ட். பசை இரண்டு பக்கத்துச் சுவரை மட்டும் பிடிக்க வேண்டும். அடியையும் பிடித்துக்கொண்டால் நீள வழியில்லாமல் நடுவில் பிளக்கும்.

கனம் அளந்து போட்ட பெரிய ஒட்டு வேலை ஒன்றைத் தாராபுரத்துக்காரர்களுக்கு நேரில் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. ராத்திரியில் உடுமலை ரோட்டிலும் காங்கேயம் ரோட்டிலும் நீண்ட டிரெய்லரில் காற்றாலை இறக்கை போகும்போது ஒதுங்கி நின்றிருப்பீர்கள். 50 மீட்டரைத் தாண்டின அந்த இறக்கை ஒரே வார்ப்பு அல்ல. இரண்டு பைபர் ஓடுகளைத் தனித்தனியாகச் செய்து, நடுவில் தாங்கு சுவர் வைத்து, பசை போட்டு ஒட்டியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம்ம தலைக்கு மேல் அதை ராத்திரி பகலாக வளைத்துக்கொண்டே இருக்கிறது. அங்கே எப்பாக்ஸி வகைப் பசைகள் நிற்பதற்குக் காரணம், ஒட்டுகிற இரண்டு பக்கமும் ஒரே பொருள், சூட்டில் ஒரே அளவு நீளும், பசையின் கனமும் அளந்து வைத்தது. எப்பாக்ஸி கெட்டது என்று யாராவது சொன்னால் மேலே கையைக் காட்டுவேன்.

மேஸ்திரியின் இரண்டாவது கேள்வி கழட்டுவதைப் பற்றியது. நான் மட்டும் செய்திருந்தால் கூரை ஜன்னலையும் பி.யூ. போட்டு ஒட்டியிருப்பேன். அவர் தடுத்துவிட்டார். ஜன்னலின் பிளாஸ்டிக் சட்டம் வெயிலில் அஞ்சாறு வருஷத்தில் நொறுங்கும், அப்போது அதை மாற்ற வேண்டும். பி.யூ.வில் ஒட்டினதை எடுக்க வேண்டுமானால் கண்ணாடிக்காரர்கள் மாதிரி கம்பியை உள்ளே நுழைத்து இரண்டு பேர் அறுக்க வேண்டும், பாதி தகடும் கூட வரும். அந்த இடத்துக்கு ப்யூட்டைல் டேப். கறுப்பாகவோ சாம்பலாகவோ சுருளாக வரும், பிசின் மாதிரி இருக்கும், பல வருஷமானாலும் கல்லாக இறுகாது. சட்டத்தின் அடியில் சுற்றி வைத்துத் திருகை முடுக்கினால் ஓரத்தில் பிதுங்கும், பிதுங்குவதுதான் நிறைந்ததற்கு அடையாளம். ஒரே மூச்சில் முடுக்கக் கூடாது. கொஞ்சம் முடுக்கி, ஒரு நாள் வெயில் காட்டி, மறுபடி கொஞ்சம், ஒரு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம். அதற்கு எடையைத் தாங்கும் ஒட்டு வலு கிடையாது. தாங்குகிற வேலையைத் திருகு பார்த்துக்கொள்ளும், தண்ணீரை மட்டும் இது பார்த்துக்கொள்ளும். ஒட்டுவது ஒரு வேலை, அடைப்பது இன்னொரு வேலை என்பதை நான் புரிந்துகொண்டது அந்தச் சுருளைக் கையில் பிடித்தபோதுதான்.

அக்ரிலிக் ஜன்னல் வைத்த வண்டியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கண்ணாடி மாதிரி தெரிந்தாலும் அது பிளாஸ்டிக். சில பசைகளிலும் கரைப்பான்களிலும் இருக்கும் சரக்கு பட்டால் சில மாசத்தில் ஓரத்திலிருந்து முடி முடியாக விரிசல் ஓடும். தின்னர் துணியே அதன் பக்கம் போகக் கூடாது. அங்கேயும் ப்யூட்டைல்தான் பத்திரம்.

ஐரோப்பாவில் கேரவன் என்பது பல குடும்பங்களுக்கு இரண்டாவது வீடு. அங்கே மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்திய பழைய வண்டிகளைத் துருவை விட ஈரம்தான் கொன்றது. இங்கிலாந்தில் வருஷா வருஷம் சர்வீஸில் ஈரம் பார்க்கும் மீட்டரைச் சுவர் முழுக்க வைத்துப் பார்ப்பார்கள். என்னிடம் மீட்டர் இல்லை, விரல் முட்டி இருக்கிறது. தரைப் பலகையைத் தட்டிக்கொண்டே போனேன். ‘டொக் டொக்’ என்று வந்த சத்தம் கதவோரத்தில் ‘பொத்’ என்று மாறியது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் அவித்த கிழங்கில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அந்தத் துண்டை அறுத்து எடுத்துவிட்டு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளை போட்டோம். அந்தப் பலகையை ஒட்டியிருக்கும் பசை தண்ணீரைத் தாங்கும், ஆனால் மரம் தண்ணீரைக் குடிக்கும். அறுத்த விளிம்பு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் நாலு விளிம்புக்கும் எப்பாக்ஸியைத் தண்ணியாகக் கலந்து இரண்டு தடவை தடவினோம்.

நேரம் பார்ப்பதும் ஒரு வேலை. நம்ம ஊரில் வைகாசி பிற்பகுதியிலிருந்து ஆவணி வரைக்கும் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். பசை போட்ட கொஞ்ச நேரத்தில் பாலில் ஆடை படிகிற மாதிரி மேலே ஒரு தோல் விழும், அதற்குள் புழுதி வந்து உட்கார்ந்தால் முடிந்தது. நடு மதியம் சூட்டுத் தகட்டில் போட்டால் ஆடை சீக்கிரம் படிந்துவிடும், அடியில் மாட்டின காற்று விரிந்து கொப்புளம் கிளப்பும். மார்கழி விடிகாலை என்றால் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத பனி ஈரம். தகடு ஆறத் தொடங்குகிற சாயங்காலம் 4 மணிக்குமேல், காற்று ஓய்ந்த புரட்டாசிக் கடைசியில் நாங்கள் வேலையைப் பார்த்தோம். இறுகும் வேகமும் ஊரைப் பொறுத்தது. இந்தப் பசைகள் காற்று ஈரத்தில் இறுகுபவை. ட்யூபில் ஒரு நாளைக்கு 3 மில்லிமீட்டர் ஆழம் என்று போட்டிருந்தால் அது மிதமான சூட்டுக்கும் ஈரத்துக்கும் சொன்ன கணக்கு. நம்ம வறண்ட காற்றில் நாள் கூடுதலாக விடுங்கள். நான் ஒரு வாரம் வண்டியை நகர்த்தவில்லை.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். பி.யூ. ட்யூபுக்கு ஆயுள் பெரும்பாலும் ஒரு வருஷம் வாக்கில்தான், அதுவும் குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்தால். நம்ம பக்கம் தகரக் கூரைக்குக் கீழே மேல் அலமாரியில் இரண்டு கோடை கண்ட ட்யூப் உள்ளேயே பாதி இறுகியிருக்கும். கையில் எடுத்து அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். சரக்கு வேகமாக ஓடுகிற கடை வேண்டும் என்று நான் கோவை நஞ்சப்பா ரோடு வரைக்கும் போய்த்தான் வாங்கினேன். பயணத்துக்கு அவசர மருந்தாக எம்-சீல் ஒரு பாக்கெட்டும் அலுமினியம் போர்த்திய ப்யூட்டைல் டேப் ஒரு சுருளும் வண்டியில் எப்போதும் இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்குத் தண்ணீர்க் குழாய் விட்டுக்கொண்டால் எம்-சீல் உயிர் காக்கும். வீடு வந்ததும் அதைப் பிரித்துச் சரியாகச் செய்துவிட வேண்டும்.

சோலார் தகடு வைத்தபோது எனக்கும் மேஸ்திரிக்கும் வாக்குவாதமே வந்தது. ஓட்டை போடாமல் ஒட்டிவிடலாம், ஓட்டை இல்லையென்றால் ஒழுகலும் இல்லை என்பது என் கட்சி. அவர் கூரைப் பெயிண்டை நகத்தால் சுரண்டிக் காட்டினார். “பசை எதப் புடிச்சிருக்குது தம்பி? பெயிண்ட. பெயிண்ட எது புடிச்சிருக்குது?” கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எத்தனை நல்ல பசையானாலும் அடியில் இருக்கும் பழைய பெயிண்டின் வலுதான் அதன் வலு. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது தகடு பிய்த்துக்கொண்டு பறந்தால் பின்னால் பைக்கில் வருகிறவர் கதி? பெயிண்டைச் சுரண்டித் தகடு வரைக்கும் போய், பிரைமர் அடித்து, பசையும் போட்டு, நாலு மூலைக்கும் போல்ட்டும் போட்டோம். போல்ட் தலை ஒவ்வொன்றின் மேலும் சீலன்ட். இதில் நான் முழுக்க அவர் பக்கம் வந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. ஓட்டைகளை அடைக்கிற உற்சாகத்தில் சிலிண்டர் பெட்டியின் தரையில் இருந்த வட்ட ஓட்டையையும் அடைக்கச் சீலன்ட் கன்னைத் தூக்கினேன். புழுதி வருகிறதே என்றுதான். மேஸ்திரி என் கையைப் பிடித்துவிட்டார். “அத அடைச்சறாதீங்க தம்பி, அது உசுரு.” சமையல் கேஸ் காற்றை விடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கும், அந்த ஓட்டை வழியாகத்தான் கீழே இறங்கி வெளியே போகும். அடைத்துவிட்டால் வண்டிக்குள்ளேயே நிற்கும், ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். உங்களிடம் கேரவன் இருந்தால், அல்லது கடைக்காகவோ அன்னதானத்துக்காகவோ அடுப்பு வைத்த வேன் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே குனிந்து அந்த ஓட்டை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் இணைப்புகளில் சிலிக்கான், எம்-சீல் எதுவும் வேண்டாம். அது அதற்கான ஆளின் வேலை. நகரும் ஜன்னலின் கீழ்த்தடத்தில் இருக்கும் சின்னத் துளைகளும் அப்படித்தான், தண்ணீர் வெளியேற வைத்தவை. அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பும்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி முழுக்க வண்டிக்குள்ளேயே படுத்திருந்தோம். அதற்கு முன் மேஸ்திரி மறுபடி ஜாக்கி வைத்து, நாலு மூலையையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டார்.

இப்போது அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். வண்டியின் படம் வரைந்து, எந்த இணைப்பில் எந்தச் சரக்கு, எந்த மாசம் போட்டது, எதைத் திருகு கழற்றினாலே எடுத்துவிடலாம், எதைக் கம்பி போட்டு அறுக்க வேண்டும் என்று எழுதியது. எனக்கு அப்புறம் இந்த வண்டியை வாங்குகிறவருக்கும், அவர் கூட்டிவருகிற டிங்கருக்கும். பின் கண்ணாடிக்கு நேரான கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அதன் ரப்பர் பீடிங் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது, காற்று ஓய்ந்ததும் மேஸ்திரி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.